சம்பந்தி வீட்டு சைக்கிள்

ஐயம்பேட்டையில் என் மகள் பவித்ரா வாழ்க்கைப்பட்ட வீட்டு வாசலில் அந்த சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. நான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒரு கையில் பூவும் ஒரு கையில் பழமுமாக, கேட்டைத் தோளால் தள்ளித் திறந்தேன். மகளைப் பார்க்க வந்தவள் முதலில் பார்த்தது அதைத்தான்.

முன்னால் வெள்ளைக் கம்பிக் கூடை, அதற்கு ஒரு மூடி. கைப்பிடியின் இரண்டு பக்கமும் வட்டக் கண்ணாடி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெல். மெத்தென்று அகலமான சீட். பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க வலை. பெடலில் மஞ்சளாக மினுக்கும் பட்டைகள். டயரில் புது ரப்பருக்கு இருக்குமே மெல்லிய முடி, அதுகூட உதிரவில்லை. மட்கார்டில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

எனக்குக் குறை கண்டுபிடிக்கிற கண். பட்டுப்புடவை முந்திக்குக் குஞ்சம் கட்டுவது என் தொழில். கடைக்காரர் புடவையை நீட்டியதும் எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே ஜரிகை நைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போவேன். சொல்லாவிட்டால் பழி என் தலையில் விழும். அந்தக் கண்ணோடு சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை. வயிறு எரிந்தது.

பவித்ரா உள்ளேயிருந்து வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பூவை வாங்கிக்கொண்டு, நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

“அத்தையோட சைக்கிள்மா. செகண்ட் ஹேண்டுதான். எல்லாத்தையும் நான்தான் பாத்துப் பாத்து வாங்கி மாட்டினேன். நல்லா இருக்குதா?”

நல்லா இருக்குது என்றேன். அன்று சம்பந்தியம்மா போட்டுக் கொடுத்த காபியில் சர்க்கரை சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கசந்தது.

என் வண்டி

என் சைக்கிளைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு எப்படி அம்மா கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

அது பவித்ராவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். பதினோராம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்களே, அது. வான நீலம். அவள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. நானோ காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளிலிருந்து புடவைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தேன். முட்டி வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன். மறுநாள் சாயந்திரம் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, என்னை ரங்கசாமி குளத்துப் பக்கம் ஒரு காலி மனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பவித்ரா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். “பின்னாடி பாக்காதம்மா. நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்.” அவள் மூச்சு வாங்குவது என் முதுகில் கேட்டது. கற்பூரமும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை அந்த மனையில் வரும். பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில்.

சில நாளிலேயே கையை விட்டுவிட்டாள். சொல்லாமல் விட்டாள். நான் மனையின் அந்தக் கோடியில் திரும்பும்போது, இந்தக் கோடியில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் முந்தியில் முடிச்சுப் போடும்போது அந்தப் ‘பின்னாடி பாக்காதம்மா’வை நினைத்துக்கொள்வேன். என் மகள் எனக்கென்று சொன்ன சொல் அது. வேறு ஒருவரிடம் சொல்வாள் என்று தோன்றியதே இல்லை.

வண்டிக்கு அதற்கப்புறம் நான் பஞ்சரைத் தவிர எதுவும் பார்க்கவில்லை. சீட் கிழிந்தபோது பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டினேன். பெல் ஊமையானபோது வாயால் ‘ஓரம், ஓரம்’ என்று கத்தினேன். காந்தி ரோட்டில் என் குரலுக்கு மாடுகூட விலகும். கருடசேவை அன்றைக்கு ஊரே நெரிசலில் திணறி, ஷேர் ஆட்டோக்களை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டுவது ஷேர் ஆட்டோ. அவர் அங்கே வெயிலில் மாட்டிக்கொண்டிருக்க, நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்து வீட்டுக்கு வந்து குளித்து முடித்திருப்பேன். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவருக்கு என் மேல் பொறாமை வரும். மற்ற நாளில் எங்கள் வீட்டில் பொறாமை என் இலாகா.

ஆட்டோவில் வந்த சேதி

அவர் ஓட்டுவது காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில். ஐயம்பேட்டை வழியில்தான். அதனால் மகளைத் தினம் ஒரு தடவையாவது பார்த்துவிடுவார். நான் மாசத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம், அதுவும் அவள் இங்கே வரும்போது. இதிலும் எனக்கு ஒரு கடுப்பு உண்டு, இருக்கட்டும்.

கல்யாணமாகிச் சில மாதங்கள் இருக்கும். பவித்ரா அப்போது உண்டாகியிருக்கவில்லை. ஒரு சாயந்திரம் அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்.

“உன் பொண்ணு அவங்க மாமியாருக்கு சைக்கிள் கத்துக் குடுத்துக்கினு இருக்குது. ஸ்கூல் கிரவுண்டுல பின்னாடியே ஓடுது. ஆட்டோவுல இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க.”

நான் மடியில் ஒரு அரக்கு முந்தியை விரித்து உட்கார்ந்திருந்தேன். நிமிரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “இன்னா சொல்லிக்கினு ஓடுது?”

அவர் விசித்திரமாகப் பார்த்தார். “இன்னா சொல்லும்? பின்னாடி பாக்காதீங்க அத்தைன்னு கத்திக்கினு ஓடுது.”

நான் போட்ட முடிச்சு தவறிவிட்டது. அதை அவிழ்த்து நூலை நீவி மறுபடி போட வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவர் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். வீட்டுக்காரர் காலமாகி வெகு நாளாகிறது. ஒரே மகன், ஒரகடத்துப் பக்கம் கம்பெனியில் ஷிப்டு வேலை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்ததால் சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார். இதில் எந்த இடத்தில் குற்றம் சொல்வது? ஒரு சக்களத்தி மேல் பொறாமைப்பட்டால் நாலு பேர் துணைக்கு வருவார்கள். மகளின் மாமியார் மகளை நன்றாக வைத்திருக்கிறாள், அதனால் என் வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பாக்கலாம்மா

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, சாப்பாடு போட்டு, மகளைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும். இதைக் கேட்டு முடிவு பண்ணும் வழக்கமே கிடையாது. நான் நாள் பார்க்கத்தான் போனில் கேட்டேன்.

“பாக்கலாம்மா” என்றாள் பவித்ரா.

குஞ்சத்துக்குக் கூலி ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர்கள் ‘பார்க்கலாம்மா’ என்பார்கள். அதற்கு இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

சம்பந்தியம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். “பவித்ரா இஷ்டம் சம்பந்தி” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த சைக்கிள்தான் கண்ணில். அந்த வீட்டு வாசலில் அப்படி ஒன்று ஜம்மென்று நிற்க, இந்த வீட்டுச் சுவரோரம் பிளாஸ்டிக் கவர் கட்டிய சீட்டோடு இப்படி ஒன்று நின்றால், எந்த வீட்டில் பிள்ளை பெறத் தோன்றும்? இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்கு அதில் ஒரு துளி சந்தேகம் இல்லை. தாய் வீட்டு வண்டியைச் சரி பண்ணினால் மகள் வருவாள் என்று நிஜமாகவே நம்பினேன்.

பாய் கடையில்

மூங்கில் மண்டபம் தாண்டி ஒரு சந்தில் பாய் ஒருவர் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். கூரையிலிருந்து டயர்கள் மாலை மாலையாகத் தொங்கும். உள்ளே போனால் ரப்பர் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் மூக்கை அடைக்கும்.

அவர் என் வண்டியைத் திருப்பிப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, பின் டயர் வழுக்கையாகிவிட்டது, செயினைக் கழற்றி எண்ணெய் போட வேண்டும், முதலில் இதைப் பார்க்கலாம் என்றார். அதெல்லாம் வாசலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். கூடையைக் காட்டுங்கள் பாய் என்றேன்.

வெள்ளைக் கூடையைக் காட்டினார். அது சம்பந்தியம்மாவிடம் இருப்பது. இதைவிடப் பெரிசு வேண்டும் என்றேன். கறுப்புச் சீட்டை எடுத்தார். சேராது என்றேன். என் வண்டி வான நீலம். நீல உடலுக்கு அரக்குப் பார்டர் போட்டால் எடுப்பாக இருக்கும். ஆகையால் சீட்டும் கைப்பிடி உறையும் அரக்கில் வேண்டும். முந்தி மாதிரி முன்னால் நிற்கப்போகும் கூடை மாம்பழ மஞ்சளில் இருந்தால் பொருந்தும்.

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. ஏணி போட்டு ஏறி, பரணில் இருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார். “இந்த ஊர்ல கடை வெச்சு நான் பாதி ஜவுளிக்காரன் ஆயிட்டேன்மா. மெட்ராஸ்ல வண்டி எத்தினி நாள் உழைக்கும்னு கேப்பாங்க. இங்க பார்டர் சேருமான்னு கேக்கறாங்க” என்றார்.

அரக்கு நிறத்தில் ஒரு சீட் கிடைத்தது. அடியில் ஸ்பிரிங் வைத்து உயரமானது. எனக்குக் கால் எட்டாது என்று பாய் சொன்னார். மஞ்சள் கூடை கிடைத்தது. அதன் விளிம்பு பிரேக் பிடியில் இடிக்கும் என்று அதையும் சொன்னார். சின்னதாக மஞ்சளில் இருக்கிறதா என்றேன். இல்லை. அப்படியானால் இதையே மாட்டுங்கள் என்றேன். பிறகு பெல், வலை, பெடல் பட்டை, கண்ணாடி. கண்ணாடி இரண்டு வேண்டாம், வலது பக்கம் ஒன்று போதும் என்றார். அங்கே இரண்டு இருக்கிறது, எனக்கும் இரண்டு என்றேன். எங்கே என்று அவர் கேட்டார். நான் பெல்லை ஒரு தரம் அடித்துப் பார்த்தேன்.

பிரேக் கட்டையை மட்டும் அவராகவே மாற்றிவிட்டார். மனசு கேட்கவில்லை என்றார்.

காலியாகத் தொங்கியது

கிளம்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். டயர்களுக்கு நடுவில் ஒரு குழந்தை சீட் தொங்கிக்கொண்டிருந்தது. கேரியரில் மாட்டுவது. முதுகுக்குப் பிரம்புச் சாய்மானம், கால் வைக்க இரண்டு பக்கமும் சின்னக் கம்பி, இடுப்பில் கட்ட ஒரு பட்டை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பிறக்காத பிள்ளைக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கி வைக்க மாட்டோம். காலித் தொட்டிலை யாராவது விளையாட்டாக ஆட்டினால்கூடக் கையில் தட்டுவோம். எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. ஆனால் அந்த சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அடுத்து இந்தக் கடைக்குப் பவித்ரா வருவாள், இதை வாங்கிக்கொண்டு போய் அந்த வெள்ளைக் கூடை வண்டியில் மாட்டுவாள்.

“அதை இறக்குங்க பாய்.”

“குழந்தைக்கு என்ன வயசும்மா?”

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எதற்கு உங்கள் வண்டியில் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்து மாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அந்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். “கழட்டிக் குடுத்துட்டு வந்துடு. நல்லால்ல” என்றார். நான் கழற்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் டிரிப் போனதும், பெட்ஷீட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.

வாலாஜாபாத் ரோடு

அவ்வளவு தூரம் நான் சைக்கிளில் போனதே இல்லை. ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ இருக்கும்போது யார் போவார்கள்? ஆனால் ஆட்டோவில் போனால் வண்டியை எப்படிக் காட்டுவது?

வாசல் படியில் கால் வைத்துத்தான் சீட்டில் ஏற முடிந்தது. ஸ்பிரிங் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கூடையில் மகளுக்கு அதிரசமும் பழமும் அடைத்திருந்தேன். கனத்தில் கைப்பிடி தானாகவே இடது பக்கம் திரும்பியது. பாய் சொன்னபடியே பிரேக்கை அழுத்தினால் பாதியில் கூடை விளிம்பில் இடித்து நின்றது. முழுசாகப் பிடிக்கவில்லை. வழியில் லாரி வந்தால் மண் ரோட்டில் இறங்கி, மைல்கல் மேல் கால் ஊன்றி நின்று, மறுபடி ஏறினேன். உச்சி வெயில். இத்தனைக்கும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பவித்ராவின் முகத்தை நினைத்துக்கொண்டே மிதித்தேன். அதைவிட அதிகமாகச் சம்பந்தியம்மாவின் முகத்தை நினைத்தேன்.

அவர்கள் தெரு கொஞ்சம் சரிவு. கேட் திறந்திருந்தது. பெல்லை அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்து ஒயிலாக நிறுத்த வேண்டும் என்பது திட்டம். பெல் அடித்தது. பிரேக் பாதியில் நின்றது. காலை ஊன்றப் பார்த்தேன், தரை எட்டவில்லை. நேரே போய் சம்பந்தியம்மாவின் சைக்கிள் மேல் மோதினேன். அது சாய்ந்தது, அதன் மேல் என் வண்டி சாய்ந்தது, என் வண்டி மேல் நான் சாய்ந்தேன். அதிரசம் முற்றமெல்லாம் உருண்டது.

பயத்துக்கு ஒன்று

பவித்ராவும் சம்பந்தியம்மாவும் ஓடி வந்து தூக்கினார்கள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. நான் முதலில் பார்த்தது அவர் வண்டியைத்தான். வெள்ளைக் கூடை நசுங்கியிருந்தது. ஒரு கண்ணாடி போய்விட்டது. அந்த வலியிலும் ஒரு கணம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. புதுசாக வாங்கித் தருகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

சம்பந்தியம்மா என் முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னார். “உடுங்க சம்பந்தி. நான் எங்க அதை ஓட்டறேன்? மாசக்கணக்கா நின்னுக்கினுதான் இருக்குது.”

எனக்குப் புரியவில்லை. பவித்ராவைப் பார்த்தேன்.

அவள் வாசல்படியில் மெதுவாக உட்கார்ந்து சொன்னாள். அத்தைக்கு சைக்கிள் என்றால் பயம். பின்னால் வண்டி வந்தால் என்ன பண்ணுவது என்று முதல் நாள் கேட்டிருக்கிறார். இவள் கண்ணாடி வாங்கி மாட்டினாள். புடவை சிக்கினால் என்றார், வலை வாங்கினாள். ஒரு கையை எடுத்துப் பெல் அடித்தால் விழுந்துவிடுவேன் என்றார், விரல் பட்டாலே அடிக்கும் பெல் வாங்கினாள். பை கையில் இருந்தால் பயம், அதற்குக் கூடை. அதிலிருந்து ஏதாவது விழுந்தால், அதற்கு மூடி. இருட்டிவிட்டால், அதற்குப் பெடலில் பட்டை. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சாமான் வாங்கினாள். எல்லாம் மாட்டிய பிறகும் இவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினால்தான் அவர் மிதிப்பார். கடைசியாக டயர் வழுக்கும் என்றார், புது டயர் மாட்டினாள். அந்த வாரமே இவள் உண்டானது தெரிந்து ஓடுவது நின்றது. சைக்கிளும் நின்றது.

டயரில் முடி உதிராமல் இருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. குறை கண்டுபிடிக்கிற கண்!

ஆனால் பொறாமை அவ்வளவு சுலபத்தில் போகிற சரக்கா? எனக்குச் சில நாளில் கையை விட்டவள், அவருக்கு மாசக்கணக்கில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாளே என்று அது இன்னொரு பக்கம் எரிய ஆரம்பித்தது. கேட்டுவிட்டேன்.

“எனக்கு ஒரு பெல்லு வாங்கித் தரணும்னு தோணலியேடி உனக்கு.”

“நீ எதுக்கும்மா பயந்த? சீட்டு கிழிஞ்சா கவர் கட்டிக்கின. பெல்லு போனா கத்திக்கின. உனக்கு இன்னா வாங்கறதுன்னு எனக்குத் தெரியல.”

அவள் சொன்னது பாராட்டு என்று தெரிகிறது. அதைக் கேட்டு எனக்கு ஆற்றாமைதான் வந்தது. நானும் கொஞ்சம் பயந்து காட்டியிருக்கலாம்.

“எனக்கும் பயந்தான்” என்றேன். “பிரசவத்துக்கு நீ என்கிட்ட வரமாட்டியோன்னு பயம். தூக்கம் இல்ல.”

பவித்ராவின் கண் என் வண்டியின் பின்பக்கம் போனது. அதுவரை யாரும் அந்தக் குழந்தை சீட்டைப் பார்த்திருக்கவில்லை. விழுந்ததில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் காலியாக இருந்தது.

“அதுக்குத்தான் இது வாங்கினியா?” என்றாள்.

சம்பந்தியம்மாவும் அதைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் எனக்கு வசதியாகவும் இருந்திருக்கும். அவர் எழுந்து உள்ளே போனார். வரும்போது இரண்டு கையிலும் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தது, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால் குழவியைப் போட்டு எடுப்போமே, அந்த மாதிரி. அதை சீட்டில் உட்கார வைத்து, பட்டையைப் போட்டு, தன் தோள் துண்டால் இன்னொரு சுற்றும் கட்டினார்.

“காலியா ஓட்டிக்கினு போகாதீங்க சம்பந்தி. இது அங்கயே இருக்கட்டும். உங்க வீட்டுல புள்ள பொறந்ததும் நான் வந்து எடுத்துக்கறேன்.”

உங்கள் வீட்டில் என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. பவித்ரா மாமியாரின் கையைப் பிடித்தாள். மகன் நைட் ஷிப்டு போனால் அத்தை தனியாக இருக்கப் பயப்படுவார், அதனால்தான் பாக்கலாம் என்றேன் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாள். இனிமேல் எப்படி இருப்பீர்கள் என்று நான் கேட்டேன்.

“பயமாத்தான் இருக்கும்” என்றார் சம்பந்தியம்மா. “ஒரு பெல்லு வாங்கி வெச்சிக்கறேன்.” சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

கேட்க வந்ததைக் கேட்காமலே கொடுத்துவிட்டார். அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.

கண்ணாடி

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மோதியதில் மஞ்சள் கூடை உள்பக்கம் வளைந்து, பிரேக் இப்போது முழுசாகப் பிடித்தது. ஆட்டோவில் போட்டு எடுத்துப் போகச் சொல்லி அப்பாவுக்குப் போன் பண்ணட்டுமா என்று பவித்ரா கேட்டாள். வேண்டாம் என்றேன். படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தேன். பின்னால் குழவி கனத்தது.

தனியாகப் போய்விட முடியும். வரும்போது அப்படித்தானே வந்தேன். ஆனாலும் திரும்பாமல் சொன்னேன். “பயமா இருக்குதுடி. கொஞ்சம் புடி.”

ஆறாம் மாத வயிற்றோடு அவள் வந்து குழந்தை சீட்டின் சாய்மானத்தைப் பிடித்தாள். ஓட முடியாது, நடைதான். நானும் நடை வேகத்துக்கு மிதித்தேன்.

“பின்னாடி பாக்காதம்மா. நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்.”

நான் திரும்பவில்லை. அதற்குத்தான் கண்ணாடி இருக்கிறதே. வலது கண்ணாடியில் பவித்ராவின் முகம் தெரிந்தது, கன்னம் சிவந்து, குழவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. இடது கண்ணாடியில் கேட் தெரிந்தது. சம்பந்தியம்மா அங்கே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கட்டும் என்று இன்னும் மெதுவாக மிதித்தேன்.